சிரிப்பூட்டும் வாயுவும் ஆறு குண்டு ரிவால்வரும்

1/ ரிவால்வர் என்றாலே நினைவுக்கு வரும் பெயர் சாமுவேல் கோல்ட். 1814-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் பிறந்தவர். அவருக்கும் மயக்க மருந்துக்கும் ஒரு தொடர்பு இருக்கு. அங்கிருந்து தொடங்கி, இன்று இத்தாலியில் தயாராகும் அந்த ரிவால்வரின் நகல்கள் வரை பார்ப்போம்.

2/ 1830-ல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட கப்பலில் பதினாறு வயதுப் பையனாக ஏறினார் கோல்ட். அந்தப் பயணத்தில்தான் சுழலும் துப்பாக்கியின் மரமாதிரியைச் செதுக்கினார் என்பார்கள். ஊர் திரும்பியதும் இரும்பில் செய்து பார்க்கக் காசு இல்லை.

3/ என்ன செய்தார்? "டாக்டர் கோல்ட், நியூயார்க், லண்டன், கல்கத்தா" என்று விளம்பரம் போட்டு ஊர் ஊராகப் போனார். நைட்ரஸ் ஆக்சைடை, அதாவது சிரிப்பூட்டும் வாயுவை, மேடையில் ஆட்களுக்குக் கொடுப்பார். அவர்கள் சிரித்து ஆடுவதைக் காசு கொடுத்துக் கூட்டம் பார்க்கும். டாக்டர் பட்டம் அவரே வைத்துக்கொண்டது! அந்த வசூல்தான் மாதிரித் துப்பாக்கிகளுக்கு முதல். 1836-ல் காப்புரிமை வாங்கினார்.

4/ அதே ஹார்ட்ஃபோர்டில் 1844 டிசம்பரில் வேறொருவர் இதே வாயுக் காட்சியை நடத்தினார். வாயுவை இழுத்த ஒருவர் காலில் அடிபட்டும் வலியை உணரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் மறுநாளே அந்த வாயுவை இழுத்துத் தன் பல்லைப் பிடுங்க வைத்தார். வலி தெரியவில்லை. 1846-ல் ஈதரைப் பொதுவெளியில் நிரூபித்த மார்ட்டன், வெல்ஸின் பழைய கூட்டாளிதான்.

5/ 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர். கோல்ட் ரிவால்வரால் சுடப்பட்டவர்களும் ஈதர், குளோரோஃபார்ம் மயக்கத்தில் அறுவை மேசைக்கு வந்தார்கள். வலி குறைந்தது, சீழ் குறையவில்லை. மிருதுவான ஈயக்குண்டு சட்டைத் துணியையும் அழுக்கையும் காயத்துக்குள் இழுத்துப் போகும். லிஸ்டரின் கிருமிநீக்க முறை வெளியானதே 1867-ல்தான்.

6/ அந்தத் துப்பாக்கிகளுக்கு உலோகத் தோட்டா கிடையாது. சிலிண்டரின் ஒவ்வோர் அறையிலும் கருமருந்தைக் கொட்டி, மேலே ஈயக்குண்டை நெம்புகோலால் அழுத்தி இறக்கணும். பின்பக்கம் ஒவ்வோர் அறைக்கும் ஒரு கேப் மாட்டணும். தீபாவளித் துப்பாக்கிக் கேப்பின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். அந்த வெடியுப்பில் பெரும்பகுதி நம்ம பீகார் மண்ணில் எடுத்து, கல்கத்தா வழியாகக் கப்பலேறியது.

7/ போட்டிக்கு வந்தது ரெமிங்டன். கோல்டில் சிலிண்டருக்கு மேலே எதுவும் இல்லை, திறந்தே இருக்கும். குழலைப் பிடித்து நிறுத்துவது ஒரு சின்ன ஆப்பு. ரெமிங்டனில் மேலேயும் இரும்புப் பட்டை ஓடும், குழல் சட்டத்திலேயே திருகப்பட்டிருக்கும். இதை "1858 மாடல்" என்பார்கள். உண்மையில் அது குழலில் பொறித்திருக்கும் காப்புரிமை ஆண்டு. புகழ்பெற்ற நியூ மாடல் ஆர்மி வந்தது 1863-ல்.

8/ உலோகத் தோட்டா வந்ததும் இவற்றின் காலம் முடிந்தது. மறுபிறப்பு சுமார் தொண்ணூறு ஆண்டு கழித்து. போரின் நூற்றாண்டு விழா நெருங்கியபோது அமெரிக்கரான வால் ஃபார்ஜெட் இத்தாலிக்குப் போய் நகல்களுக்கு ஆர்டர் கொடுத்தார். ஆல்டோ உபெர்ட்டி 1959-ல் தொடங்கிய நிறுவனத்தின் முதல் தயாரிப்பே 1851 கோல்ட் நேவியின் நகல்.

9/ சரி, குறி பார்த்துச் சுடும் விளையாட்டுக்கு எந்த நகல்? பெரும்பாலானோர் கை போவது ரெமிங்டனுக்கு. காரணம் எளிது. கோல்டில் பின்குறி இருப்பது சுத்தியலின் தலையில் வெட்டிய ஒரு பள்ளம். சுடும்போது நகர்கிற பாகத்திலேயே குறி! ரெமிங்டனில் அது அசையாத மேல்பட்டையில் இருக்கு. ஆனால் ரெமிங்டனின் அச்சு மெல்லியது. கரி படிந்து சிலிண்டர் சீக்கிரம் இறுகும். கோல்டின் தடித்த அச்சு கிரீஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

10/ வாங்கியதும் என்ன மாற்றுவார்கள்? கோல்ட் நகல் 25 மீட்டரில் பெரும்பாலும் மேலே அடிக்கும். எனவே முன்குறியை உயரமாக்குவார்கள். அறையின் வாய் குழலைவிடக் குறுகலாக இருந்தால் குண்டு இளைத்துவிடும், குழலின் மரைகளைச் சரியாகப் பிடிக்காது. தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக் அந்த அளவைச் சரிசெய்வார். இந்த மாற்றங்களைப் பார்த்தாலே ஒன்று புரியும். மூலத் துப்பாக்கி காகிதத்தில் பத்துப் புள்ளி எடுக்கச் செய்ததல்ல. எதிரே நிற்கும் மனித உடம்பில் எங்காவது பட்டால் போதும் என்று செய்தது.

11/ மருந்தின் அளவையும் குறைப்பார்கள். அப்போது குண்டு அறையின் அடியில் போய் உட்காரும். அந்த இடைவெளியை நிரப்ப என்ன போடுவார்கள் தெரியுமா? ரவை! நாம் உப்புமா கிண்டும் அதே ரவைதான்.

12/ இதற்கு உலகப் போட்டியே இருக்கு. அங்கே நகல் என்றால் மூலத்தின் வடிவத்தை மதித்தாக வேண்டும். இஷ்டத்துக்கு நவீனக் குறிகளை மாட்ட முடியாது. திருத்தலாம், ஆனால் வரலாற்றை அழிக்கக் கூடாது என்பதே அதன் பொருள். எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

13/ ஒரு மருத்துவராகச் சொல்ல வேண்டியது. காகிதத்தைச் சுட்டாலும் ஈயம் ஈயம்தான். குண்டு வார்க்கும்போதும், தொடும்போதும், மூடிய அரங்கின் புகையிலும் அது உடம்புக்குள் போகும். ரத்தசோகை, வயிற்றுவலி, நரம்புப் பாதிப்பு வரலாம். வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சுடும் இடத்தில் சாப்பிடாதீர்கள். சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். அந்த உடையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் கட்டாயம்.

14/ பழைய மாடல்தானே என்று யாரும் ஆர்வத்தில் இறங்கிவிட வேண்டாம். நம் நாட்டில் ஆயுதச் சட்டம் 1959 இருக்கு. உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். ஆசை இருந்தால் முறையான ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, ஏர் பிஸ்டலில் தொடங்குங்கள்.