அவுரி வழக்கு: நூலகத்தில் கேட்டுப் படிக்கத்தக்க சில ஏடுகள்

கொல்கத்தாவின் அலிப்பூர்ப் பகுதியில் பெல்வெடியர் என்னும் பழைய மாளிகை ஒன்று உள்ளது. நமது தேசிய நூலகம் 1953-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பெற்றது அம்மாளிகையிலேதான். பிற்காலத்தில் அதே வளாகத்தில் புதிய கட்டடம் எழுந்து, நூல்கள் அங்கு மாற்றப்பட்டன. தமிழ் நூல்களுக்கு அந்நூலகத்தில் தனிப்பிரிவு உண்டு. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையவர்கள் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களும் சுவடிகளும் அங்கேயே பாதுகாக்கப்பெறுகின்றன. ஆகவே அந்நகரில் வாழும் தமிழர் தாய்மொழி நூலை நாடி அங்குச் செல்வது இயல்பு. அவ்வாறு செல்பவர்கள் தமிழ்ப் பிரிவோடு திரும்பிவிடாமல், அந்த மாளிகையோடு தொடர்புடைய ஒரு வரலாற்றையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். தில்லி, மும்பை, பாட்னா முதலிய நகரங்களில் வாழும் நேயர்களுக்கும் இவ்வேடுகளுட் சில தத்தம் ஊர்ப் பெரிய நூலகங்களிலேயே கிடைக்கக்கூடும்.

பெல்வெடியர் மாளிகை 1854 முதல் வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர்கள் வசித்த இல்லமாகும். 1860-ஆம் ஆண்டில் அப்பதவியில் இருந்தவர் ஜான் பீட்டர் கிராண்ட் என்பவர். அவ்வாண்டு அவர் குமார், காளிகங்கை ஆகிய ஆறுகளின் வழியே படகிற் சென்றார். ஏறத்தாழ அறுபது எழுபது மைல் தூரம், இரு கரைகளிலும் குடியானவர்கள் வரிசை வரிசையாக நின்றனர். பெண்களும் தனிக் கூட்டங்களாக நின்றனர். கலகம் செய்ய அவர்கள் வரவில்லை. எங்களை அவுரி விதைக்கச் சொல்லாதீர்கள் என்ற ஒரே விண்ணப்பத்தைத்தான் கொண்டுவந்திருந்தனர். இக்காட்சியைக் கிராண்ட் தம் கைப்படவே அரசாங்கக் குறிப்பில் எழுதி வைத்தார்.

அவுரி நமக்கு அயலான பயிரன்று. தென்னார்க்காட்டுச் சீமையிலும் அது ஒரு காலத்தில் மிகுதியாக விளைந்து கப்பலேறியது. ஆயின் வங்காளத்தில் நிகழ்ந்தது வேறு. தொழிற்சாலை வைத்திருந்த வெள்ளைக்காரத் துரைமார் பிகாவுக்கு இரண்டு ரூபாய் அளவில் குடியானவனிடம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதி வாங்குவர். அவனுடைய நிலத்தில் நல்ல பகுதியை அவர்களுடைய ஆட்களே குறியிட்டுச் செல்வர். அறுவடையான அவுரியைச் சங்கிலியால் கட்டி, கட்டுக் கணக்கில் அளப்பர். சங்கிலியை இறுக்குபவன் தொழிற்சாலையின் ஆள். விலையை வைப்பவர் துரை. விதையின் விலை, வண்டிக் கூலி, குமாஸ்தாவின் மாமூல் ஆகியன கழிந்தபின் குடியானவன் பெயரில் மிஞ்சுவது பாக்கிதான். அப்பாக்கி தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும். அதே நிலத்தில் நெல் விதைத்தால் வயிறு நிறையும். மறுத்தவர்களைக் கிடங்கில் அடைத்தலும், அடித்தலும், மாடுகளைப் பிடித்துச் செல்லுதலும் வழக்கமாயின. 1859-இல் நதியா மாவட்டத்துக் கிராமங்கள் சில விதைக்க மாட்டோம் என்று கூடி நின்றன. அந்த மறுப்பு அண்டை மாவட்டங்களுக்கும் பரவியது. அரசாங்கம் 1860-இல் இரண்டு காரியங்களை ஒருங்கே செய்தது: ஒப்பந்தத்தை மீறுவது குற்றம் எனத் தற்காலிகச் சட்டம் ஒன்று இயற்றியது, விசாரணைக் கமிஷன் ஒன்றையும் நியமித்தது.

படிக்கப் புகுபவர் அந்தக் கமிஷனின் அறிக்கையை முதலில் எடுத்துக்கொள்வது நலம். சிவில் அதிகாரிகள் இருவர், பாதிரியார் ஒருவர், துரைமார் பிரதிநிதி ஒருவர், சந்திரமோகன் சட்டர்ஜி என்னும் இந்தியர் ஒருவர், ஆக ஐவர் அதில் அமர்ந்தனர். டபிள்யூ. எஸ். செட்டன்கார் தலைவர். மே மாதம் முதல் ஆகஸ்டு வரை 134 சாட்சிகளை விசாரித்தனர். அவர்களுள் 77 பேர் குடியானவர்கள். எழுத்தறிவு இல்லாத உழவர்கள் இத்தனை பேர் அரசாங்கத்தின் முன் வந்து பேசியதும், அவர்கள் பேச்சு கேள்வியும் விடையுமாக அச்சில் ஏறியதும், அக்காலத்துக்கு அரிய செய்தியாகும். பிச்சையெடுத்தாலும் எடுப்பேனே அன்றி அவுரி விதையேன் என்கிறார் ஒருவர். மனித இரத்தக் கறை படியாத அவுரிப் பெட்டி ஒன்றும் இங்கிலாந்து சென்றதில்லை என்னும் கடுஞ்சொல்லை, முன்னாள் மாஜிஸ்திரேட் ஒருவரே தம் வாக்காக ஏற்றுக் கூறுகிறார். வங்காளிப் பேச்சு ஆங்கிலமாக மாறி எழுத்தர் கையில் உலர்ந்து போயிருக்கிறது என்பது உண்மையே. கோப்புகளை மொழிபெயர்த்துப் பிழைப்பவனாகிய எனக்கு அந்த உலர்ச்சி நன்கு பழக்கமானது. அதையும் மீறி அவ்வுழவர்களின் குரல் கேட்கிறது.

அறிக்கை உழவர் பக்கம் நின்றது. சாகுபடி முறையே அடிப்படையில் தவறு என்றது. ஆள்களைப் பிடித்து அடைத்துவைத்தல் நிகழ்ந்தது உண்மை என்று ஏற்றது. எனினும் கொலையும் தீவைப்பும் அண்மைக் காலத்தில் மிகுதியில்லை என்று எழுதியது. பெண்களை மானபங்கம் செய்ததாகக் கூறப்பட்ட குற்றத்தில் ஒரே ஒரு வழக்கே தங்கள் முன் வந்ததாகவும், அதுவும் ஐயத்துக்குரியது எனவும் முடித்தது. இந்த இடத்தில் அறிக்கையை மூடி வைத்துவிட்டு அடுத்த நூலை எடுக்க வேண்டும்.

அந்நூல் 1860-இல் டாக்காவில் அச்சான 'நீல் தர்ப்பண்' என்னும் வங்காளி நாடகம். தர்ப்பணம் என்றதும் நமக்கு எள்ளும் நீரும் நினைவுக்கு வரும்; வடமொழியில் இது வேறு சொல், கண்ணாடி என்று பொருள். அவுரிக் கண்ணாடி என்று கொள்க. நூலில் ஆசிரியர் பெயர் இல்லை. எழுதியவர் தீனபந்து மித்திரர், தபால் இலாகா உத்தியோகஸ்தர். மாவட்டம் மாவட்டமாகச் சுற்றித் தபால் நிலையங்களைப் பார்வையிட்டவர் ஆதலால் கண்டதையும் கேட்டதையும் எழுதினார். கோலோக் பாசு என்னும் கண்ணியமான குடும்பத் தலைவர் பொய் வழக்கில் சிறைப்பட்டு அங்கே தூக்கிட்டு மாய்கிறார். மூத்த மகன் துரையின் அடியால் இறக்கிறான். க்ஷேத்திரமணி என்னும் கர்ப்பிணிப் பெண்ணைத் துரையின் அறைக்கு இழுத்துச் செல்லும் காட்சியே நாடகத்தின் நடுநெருப்பு. கமிஷன் காணாத குற்றம் இங்கே மேடையின் மையத்தில் நிற்கிறது.

இவ்விரண்டில் எதை நம்புவது? நாடகாசிரியர் மிகைப்படுத்தினார் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அக்காலத்துக் கிராமத்துப் பெண்ணொருத்தி, ஐந்து கனவான்களும் ஓர் எழுத்தரும் அமர்ந்த கூடத்தில், தனக்கு நேர்ந்ததைச் சொல்லியிருக்க முடியுமா? அவள் தந்தைதான் சொல்லியிருப்பாரா? சாட்சியம் இல்லை என்பதும் குற்றம் இல்லை என்பதும் ஒன்றல்ல. அதே சமயம், நாடகத்தில் வந்தது என்பதனாலேயே ஒருவன்மேல் குற்றம் நிலைபெற்றுவிடாது. படிப்பவர் இந்த இடர்ப்பாட்டை விரைந்து தாண்டிச் செல்லக் கூடாது என்பேன்.

நாடகத்துக்கும் ஒரு குறை உண்டு. 1974-இல் வரலாற்றாசிரியர் ரணஜித் குகா எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று அதனை எடுத்துக் காட்டுகிறது. உண்மையில் எதிர்த்து நின்றவர்கள் உழவர்கள். நாடகத்திலோ நடுத்தரக் குடும்பத்துப் படித்தவர்களே தலைமக்களாகவும், சட்டத்தையும் நல்ல துரையையும் நம்புகிறவர்களாகவும் வருகின்றனர். தோராப் என்னும் முஸ்லிம் உழவன் ஒருவனே கையை ஓங்குகிறான். அவனை நான் மறக்கவில்லை. பெரும்பாலான வாசகர்களும் மறப்பதில்லை.

மூன்றாவது ஏடு, 1861-இல் நடந்த வழக்கின் பதிவு. ஜேம்ஸ் லாங் என்பவர் அயர்லாந்தில் பிறந்து, 1840 முதல் கல்கத்தாவில் தொண்டு செய்த பாதிரியார். வங்காளி நூல்கள் 1,400-க்கு விளக்கப் பட்டியல் தொகுத்து 1855-இல் வெளியிட்டவர் என்பதால் நூலகத்தார் அவரைத் தம் இனத்தவர் எனக் கொள்ளலாம். இந்தியர் தம் மொழியில் என்ன எழுதுகின்றனர் என்று ஆள்வோர் அறியாதிருந்தது பெருந்தவறு என்பது 1857-க்குப் பின் அவருடைய உறுதியான கருத்து. நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை அவரே முன்னுரை எழுதி அச்சிடுவித்தார். 500 பிரதிகள் அச்சாயின. வங்காள அரசாங்கச் செயலாளராயிருந்த அதே செட்டன்காரின் வாயிலாக, அவற்றுட் சில அரசாங்க உறையிலேயே தபாலில் சென்றன. துரைமார் சங்கம் கொதித்தெழுந்து, முதலில் அச்சிட்டவர் மேல் வழக்குத் தொடுத்தது. லாங் தம் பெயரைச் சொல்லிவிடுமாறு அவரிடம் கூறிப் பொறுப்பைத் தாமே ஏற்றார்.

ஜூலை 19, 20, 24 ஆகிய நாட்களில் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி மார்டண்ட் வெல்ஸ் முன்னிலையில் விசாரணை நடந்தது. ஜூரிமார் குற்றவாளி என்றனர். ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் தண்டனை. மகாபாரதத்தை வங்காளியில் வெளிக்கொணர்ந்துகொண்டிருந்த காளிபிரசன்ன சிங்கர் என்னும் இளைஞர், அபராதத் தொகையை நீதிமன்றத்திலேயே செலுத்தினார். லாங் சிறை சென்றார். செட்டன்கார் செயலாளர் பதவியை விட்டு விலக நேர்ந்தது.

இங்கும் நடுநிலை வேண்டும். இரு பத்திரிகாசிரியர்கள் பணத்துக்காகத் துரைமாரைப் புகழ்கின்றனர் என்ற கருத்து, லாங் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் நாடகாசிரியரின் முன்னுரையில் வந்திருந்தது. அதற்குச் சான்று காட்டப்படவில்லை. ஒரு நல்ல காரியத்தின் பொருட்டு நிறுவ முடியாத பழியை ஒருவர் மேல் சுமத்தலாமா என்பது லாங்கின் அன்பர்களும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி. நான் அதில் அவரைக் குறை கூறுவேன். சிறைத் தண்டனை அநீதி என்றும் கூறுவேன். மொழிபெயர்த்தவர் யாரென்பதோ வழக்கில் வெளிவரவேயில்லை. முகப்பில் ஒரு சுதேசி என்று மட்டும் இருந்தது. கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதனை மறுக்கும் அறிஞர்களும் உளர். பெயரின்றி எழுதுவது எங்கள் தொழிலுக்குப் புதிதன்று. பெயரைச் சொன்னால் சிறை என்ற நிலைதான் புதிது.

நாடகம் 1872-இல் கல்கத்தாவில் கட்டணம் வைத்துப் பொதுமேடையில் நடிக்கப்பெற்றது. 1876-இல் நாடகங்களைத் தடுக்க அரசாங்கத்துக்கு அதிகாரமளிக்கும் சட்டமே வந்தது. பழைய அறிக்கையையும் வழக்குப் பதிவையும் தேடிப் படிக்க இயலாதவர்கள், பிளேர் கிளிங் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1966-இல் வெளியிட்ட 'தி புளூ மியூட்டினி' என்ற நூலைப் படித்தால் பெரும்பகுதி விளங்கிவிடும்.

வங்காளத்தில் தளர்ந்த அவுரி பீகாரில் நீடித்தது. ஜெர்மனியில் செயற்கைச் சாயம் 1897-இல் விற்பனைக்கு வந்த பின்னும், சம்பாரணில் பிகாவுக்கு இருபதில் மூன்று பங்கு நிலத்தில் அவுரி விதைக்கும் கட்டாயம் ஒழியவில்லை. 1917-இல் காந்தியடிகள் அங்குச் சென்றபோது அவரும் செய்தது வாக்குமூலம் பெறுவதே. ஆயிரக்கணக்கான உழவர்களின் வாய்மொழியை வழக்கறிஞர்கள் எழுதினர். ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்யாமல் எழுதலாகாது என்று காந்தியடிகள் விதித்தார். அடிப்படையற்றதை ஒதுக்கச் செய்தார். ரகசியப் போலீஸ் அதிகாரி உடனமர்ந்து கேட்பதையும் தடுக்கவில்லை. லாங் வெளியிட்ட நூலில் விடுபட்ட எச்சரிக்கை இங்கே முதல் நாளிலிருந்தே இருந்தது. முறைகேடாகப் பெற்ற தொகையில் பாதியைத் திருப்பித் தரக் கேட்டவர், முடிவில் நான்கில் ஒரு பங்குக்கு இசைந்தார். அது சரியா என்று இன்றும் வாதிப்பவர் உண்டு. 1918-இல் வந்த சட்டம் அக்கட்டாயத்தை ஒழித்தது.

இவற்றையெல்லாம் உடனிருந்து கண்ட ராஜேந்திர பிரசாத் அவர்கள் எழுதிய 'சத்தியாக்கிரகம் இன் சம்பாரண்' என்ற ஆங்கில நூலே நான் கூற விரும்பும் கடைசி நூல். பிற்காலப் பதிப்புகள் எளிதிற் கிடைக்கும். பழைய நூலகங்களில் 1928-ஆம் ஆண்டின் முதற்பதிப்பு அகப்பட்டால் அதனையே எடுத்துப் பாருங்கள். அதனை வெளியிட்டவர் சென்னைத் திருவல்லிக்கேணியைச் சேர்ந்த எஸ். கணேசன், அவர் பெயரும் நம் திருவல்லிக்கேணியின் பெயரும் அதன் முகப்பில் இருக்கின்றன.