புக்கிட் மேரா முதல் பெந்தோங் வரை: மலேசியத் தேர்தல் களத்தில் ஒரு சுற்றுச்சூழல் வேட்பாளர்

முன்னுரை

மலேசியத் தேர்தல் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் இனம், சமயம், கட்சி ஆகிய மூன்றையே அளவுகோல்களாகக் கொள்வர். மண்ணும் நீரும் தேர்தல் முழக்கமான தருணங்கள் குறைவாகவே ஆராயப்பட்டுள்ளன. அத்தருணங்களுள் ஒன்று, பகாங் மாநிலத்தின் பெந்தோங் நாடாளுமன்றத் தொகுதியில் சுற்றுச்சூழல் போராளி வோங் தாக் 2013, 2018 ஆகிய ஆண்டுகளில் மேற்கொண்ட தேர்தல் முயற்சியாகும். அதன் பின்புலத்தையும் விளைவையும் ஆராய்ந்து, வாக்குச்சீட்டால் ஓர் ஆலையின் போக்கை எவ்வளவு தூரம் மாற்ற இயலும் என்ற வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்வரலாறு

பேராக் மாநிலத்தின் புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் நிறுவனம் 1982ஆம் ஆண்டில் அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்கத் தொடங்கியது. அதன் கழிவில் தோரியம் என்னும் கதிரியக்கப் பொருள் கலந்திருந்தது. இரத்தப் புற்றுநோய்க்கும் பிறவிக் குறைபாடுகளுக்கும் இக்கழிவே காரணம் என ஊர்மக்கள் குற்றம் சாட்டினர். நிறுவனம் அதனை மறுத்தது. 1985இல் மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்த ஆணையிட்டது. 1993இல் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. எனினும் 1994ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறுவனமே ஆலையை மூடிக்கொண்டது.

இப்போராட்டத்தில் தமிழர் பங்கும் உண்டு. ஊர்மக்களுக்குச் சட்டத்துணை நின்றவர்களுள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தைச் சார்ந்த வழக்கறிஞர் மீனாட்சி ராமன் ஒருவர். 1987ஆம் ஆண்டின் லாலாங் நடவடிக்கையில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவர் தடுத்து வைக்கப்பட்டார். அதே ஆண்டில் தடுத்து வைக்கப்பட்ட மற்றொருவர், சரவாக்கில் காடழிப்பை எதிர்த்துப் போராடிய ஹாரிசன் நாவ் ஆவார். அவர் 1990ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பாராம் தொகுதியில் சுயேச்சையாகப் போட்டியிட்டு வென்றார். சுற்றுச்சூழல் போராளி ஒருவர் நாடாளுமன்றம் புகுந்த முன்னோடி நிகழ்ச்சி இது. ஆயினும் கட்சி சாராத தனி ஒருவரின் குரலாகவே ஒரு தவணைக் காலத்தோடு அது முடிவுற்றது.

பசுமை நடைப்பயணம்

ஆஸ்திரேலியாவின் லைனஸ் நிறுவனம் மவுண்ட் வெல்ட் சுரங்கத்தின் தாதுவைக் குவாந்தானுக்கு அருகிலுள்ள கெபேங்கில் பதப்படுத்த முன்வந்தபோது, புக்கிட் மேராவின் நினைவு மீண்டும் எழுந்தது. அனைத்துலக அணுசக்தி முகமையின் வல்லுநர் குழு 2011இல் ஆலையை ஆய்ந்து, கதிரியக்கப் பாதுகாப்பு விதிகள் மீறப்படவில்லை எனக் கூறியது. அதேவேளையில் 11 பரிந்துரைகளையும் முன்வைத்தது. மக்களின் ஐயம் தீரவில்லை. எதிர்ப்பாளருள் ஒரு பிரிவினர் நீதிமன்றத்தை நாடினர். மற்றொரு பிரிவினர் 'ஹிம்புனான் ஹிஜாவ்' என்னும் பசுமைப் பேரணி இயக்கமாகத் திரண்டனர். அதன் தலைவராக விளங்கியவரே வோங் தாக். முன்னர்ச் சபா சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவராக இருந்த அவர், சபாவின் நிலக்கரி மின்னிலையத் திட்டத்தை எதிர்த்த கூட்டியக்கத்தில் பங்காற்றியவர். அத்திட்டம் 2011இல் கைவிடப்பட்டது.

2012 நவம்பரில் குவாந்தானிலிருந்து கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கம் வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தூரத்தை இவ்வியக்கத்தினர் 13 நாள்களில் நடந்து கடந்தனர். கிழக்குக் கரையின் உள்ளூர்ச் சிக்கலாக இருந்த ஒன்றைப் பகாங் மாநிலத்திற்கும் தலைநகருக்கும் உரிய பொதுச்சிக்கலாக மாற்றியது இந்நடைப்பயணமே எனலாம். வோங் தாக்கின் தேர்தல் பரப்புரைக்கு இதுவே அடித்தளமாயிற்று.

பெந்தோங் களம்

பெந்தோங், கெபேங்கிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் மேற்கே உள்ளது. ஆலையின் கழிவு நேரடியாகத் தீண்டாத ஒரு தொகுதியில் ஆலை எதிர்ப்பாளர் ஏன் நின்றார் என்பது இயல்பாக எழும் வினாவாகும். அத்தொகுதியை 1999 முதல் வகித்து வந்தவர் மசீச தலைவர்களுள் ஒருவரும் அப்போதைய சுகாதார அமைச்சருமான லியோவ் தியோங் லாய். மக்களின் உடல்நலம் பற்றிய வினாவை அமைச்சரவையின் முன்னே வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான களம் இல்லை. மேலும், அத்தொகுதிக்குட்பட்ட பெலாங்கை சட்டமன்றத் தொகுதியின் உறுப்பினர் அப்போதைய பகாங் மந்திரி பெசார் அட்னான் யாகோப் ஆவார்.

மலாய்க்காரரும் சீனரும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் வாழும் இத்தொகுதியில் இந்திய வாக்காளர் பத்தில் ஒரு பங்கினை ஒட்டியிருந்தனர். 1958இல் தொடங்கப்பெற்ற முதல் பெல்டா நிலக்குடியேற்றமான லூரா பிலுட் இங்குத்தான் உள்ளது. 2013 மே 5இல் நடைபெற்ற தேர்தலில் ஜனநாயக செயல் கட்சியின் சார்பில் நின்ற வோங் தாக் 25,568 வாக்குகள் பெற்றார். லியோவ் பெற்றவை 25,947. வேறுபாடு 379 வாக்குகள் மட்டுமே. 2008இல் லியோவின் பெரும்பான்மை 12,000ஐத் தாண்டியிருந்தது.

இச்சரிவு முழுவதையும் சுற்றுச்சூழல் முழக்கத்தின் பயன் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அதே நாளில் பிலுட், கெத்தாரி, சபாய் ஆகிய மூன்று சட்டமன்றத் தொகுதிகளையும் அதே கட்சி வென்றது. மஇகா வசமிருந்த சபாயில் வென்றவர் காமாட்சி துரைராஜு என்னும் தமிழ்ப் பெண்மணி. ஆகவே நாடு தழுவிய அரசியல் அலையும் இங்கு வீசியது தெளிவு. லைனஸ் எதிர்ப்பு அவ்வலைக்கு ஒரு முகத்தைத் தந்தது என்பதே நேர்மையான மதிப்பீடாகும்.

வெற்றியும் அதன் எல்லையும்

2018 மே 9இல் நடைபெற்ற தேர்தலில், மசீச தேசியத் தலைவராகவும் போக்குவரத்து அமைச்சராகவும் உயர்ந்திருந்த லியோவை வோங் தாக் 2,032 வாக்குகள் வேறுபாட்டில் தோற்கடித்தார். அவர் சார்ந்த நம்பிக்கைக் கூட்டணி ஆட்சியமைத்தது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. 2018 டிசம்பரில், ஆலையில் குவிந்திருந்த ஏறத்தாழ 450,000 டன் கதிரியக்கக் கழிவினை நாட்டைவிட்டு அகற்ற வேண்டுமென அமைச்சர் இயோ பீ யின் நிபந்தனை விதித்தார். இவரும் வோங் தாக்கின் கட்சியைச் சேர்ந்தவரே. ஆனால் 2019 ஆகஸ்டில் அந்நிபந்தனை தளர்ந்தது. கழிவை உள்நாட்டிலேயே நிலையாகப் புதைக்க இடம் காண வேண்டும், கதிரியக்கக் கழிவை உண்டாக்கும் முதற்கட்டப் பணியை நான்கு ஆண்டுகளுக்குள் வெளிநாட்டுக்கு மாற்ற வேண்டும் என்னும் நிபந்தனைகளோடு உரிமம் ஆறு மாதங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. ஆளுங்கட்சி உறுப்பினராக இருந்தும் வோங் தாக் இம்முடிவை வெளிப்படையாக எதிர்த்தார்.

2020இல் உரிமம் மேலும் மூன்றாண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் கட்சி அவருக்கு வாய்ப்பளிக்கவில்லை. சுயேச்சையாக நின்ற அவர் தோற்றார். கட்சியின் வேட்பாளர் யங் ஷெபுரா வென்றார். அவ்வகையில், பெந்தோங் மக்கள் கட்சிக்கு அளித்த வாக்கும் வேட்பாளருக்கு அளித்த வாக்கும் ஒன்றல்ல என்பது தெளிவாயிற்று. 2023 அக்டோபரில், முதற்கட்டப் பணிக்கு விதிக்கப்பட்ட தடையும் நீக்கப்பட்டு, 2026 மார்ச் வரை தாது இறக்குமதி தொடர வழி செய்யப்பட்டது.

முடிவுரை

புக்கிட் மேரா மக்கள் வழக்கில் தோற்றும் ஆலை மூடப்பட்டது. பெந்தோங் மக்கள் தேர்தலில் வென்றும் ஆலை தொடர்ந்து இயங்கியது. இம்முரணுக்குக் காரணங்கள் உள. புக்கிட் மேராவில் ஆலைக்கு அருகே வாழ்ந்தோர் பத்தாண்டுக்கும் மேலாகக் கலையாது நின்றனர். லைனஸ் ஆலையோ, சீனாவுக்கு வெளியே அரிய மண் தனிமங்களைத் தரும் மிகப்பெரிய மூலமாகி, ஜப்பானிய முதலீட்டின் துணையையும் பெற்றது. அனைத்தினும் மேலாக, உரிமம் பற்றிய முடிவு நாடாளுமன்ற வாக்கெடுப்பில் எடுக்கப்படுவதன்று; உரிம வாரியமும் அமைச்சரும் எடுப்பது. வாக்குச்சீட்டு ஒரு குரலை அவைக்குள் அனுப்பவல்லது. ஆனால் அக்குரலுக்குரிய முடிவு வேறிடத்தில் அமைகிறது. சுயேச்சையாக வென்ற ஹாரிசன் நாவுக்குத் துணையில்லை. கட்சியால் வென்ற வோங் தாக்குக்குக் கட்சியே எல்லையாயிற்று.

379 வாக்குகள் முடிவு செய்த ஒரு தொகுதியில் பத்தில் ஒரு பங்கினரான இந்தியரின் நிலைப்பாடு சிறியதன்று. காராக் தோட்டப்புறத் தமிழரும் லூரா பிலுட் குடியேறிகளும் இத்தேர்தல்களை எவ்வாறு உணர்ந்தனர் என்பதை வாய்மொழி வரலாறாகத் தொகுப்பது, அவ்வட்டாரத் தமிழாசிரியர் மேற்கொள்ளத்தக்க நற்பணியாகும். முதுகுடியேறிகள் நம்மிடையே வாழும்போதே அது தொடங்கப்பெற வேண்டும்.