பிசிறும் இழையும்

துணியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பஞ்சுப் பிசிறை ஆங்கிலத்தில் 'லிண்ட்' என்பர். 1978இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய கணினிக் கருவி ஒன்றுக்கும் அதுவே பெயராயிற்று. சி மொழி நிரல்களைப் படித்து, ஐயத்துக்குரிய இடங்களைச் சுட்டிக்காட்டுவது அதன் பணி. துணி நல்லதே, பிசிறை மட்டும் நீக்குக என்பது அப்பெயரின் குறிப்பு.

1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டத்தில் அக்கருவிக்கு ஒரு வழித்தோன்றல் பிறந்தது. உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் மென்பொருள்களைப் பொதிகளாகக் கட்டிச் சேர்க்கும் திட்டம் அது. பொதி எப்படி அமைய வேண்டும் என்பதற்கு விரிவான விதிநூல் உண்டு. எல்லாப் பொதிகளையும் கண்ணால் சரிபார்த்தல் ஆகாத காரியம். எனவே 1998இல் கிறிஸ்டியன் ஷ்வார்ஸ், ரிச்சர்டு பிராக்மன் இருவரும் 'லிண்டியன்' என்ற கருவியை உருவாக்கினர். உரிமக் குறிப்பு உள்ளதா, கோப்புகள் உரிய இடத்தில் உள்ளனவா என்று பார்த்து, பிழை, எச்சரிக்கை எனத் தரம்பிரித்து அது அறிக்கை தரும். 'இவ்விடத்தில் கருவியின் கூற்று பொருந்தாது' எனப் பொதியாளர் எழுதிவைக்கவும் அதில் இடமுண்டு. கருவியும் தவறலாம் என்று அதை ஆக்கியோரே ஒப்புக்கொண்ட அடக்கம் அது.

அவ்வடக்கத்தின் அருமையை 2006இல் நிகழ்ந்த ஒன்று காட்டுகிறது. மறையாக்கத்துக்குரிய ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளைச் சோதித்த வால்கிரைண்ட் என்னும் வேறொரு கருவி, மதிப்பிடப்படாத நினைவகம் வாசிக்கப்படுவதாக எச்சரித்தது. எச்சரிக்கை பொய்யன்று. டெபியன் பொதியாளர் மூல நிரலாளர்களிடம் கேட்டார், மறுப்பு எழவில்லை. இரண்டு வரிகளை நீக்கினார். அவற்றுள் ஒன்றுதான் சாவிகளுக்கு வேண்டிய தற்செயல்தன்மையைக் கலக்கும் வரி. களையெடுக்கப் போய்ப் பயிரைப் பிடுங்கிய கதையாயிற்று. எண்ணித் தீராத சாவிகள் பிறக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு வகைக்கும் அதிகம் போனால் 32,768 சாவிகளே பிறந்தன. எச்சரிக்கை மறைந்தது, மென்பொருளோ வழக்கம்போல் ஓடியது.

லூசியானோ பெல்லோ இக்குறையைக் கண்டறிய, 2008 மே 13 அன்று டெபியன் அதை அறிவித்தது. ஏறத்தாழ இருபது மாதங்கள் எவர் கண்ணிலும் அது படவில்லை. டெபியனை அடியொற்றிய உபுண்டுவிலும் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று.

2013 முதல் டெபியன் மற்றொரு சோதனையிலும் முனைந்தது: ஒரே மூலத்தை இருமுறை கட்டினால் அச்சுமாறாமல் ஒரே பொதி வருகிறதா என்பது. கட்டும்போது நேரும் திருட்டுத்தனத்தைக் காட்டிக்கொடுக்க அது உதவும். ஆனால் மூலத்திலேயே பிழை இருந்தால், இருமுறையும் அப்பிழையே அச்சுமாறாமல் வரும். கருவி பிசிறு இருக்குமிடத்தைக் காட்டும். இழுப்பது பிசிறா, துணியைத் தாங்கும் இழையா என்பதை நாம்தான் படித்தறிய வேண்டும்.