இருக்கை கொடுத்தவர்கள்

சித்தன்னவாசல் என்றால் எல்லோரும் ஓவியத்தைத்தான் சொல்லுவார்கள். தாமரைக்குளம், பூப்பறிக்கிற ஆட்கள், மீன், யானை, தூணில் ஆடுகிற பெண். பாடப்புத்தகத்திலும் அதுதான். பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கும் அதுதான். நான் பேச வந்தது ஓவியத்தைப் பற்றி அல்ல. அதே குன்றில் ஏழடிப்பட்டம் என்று ஒரு குகை இருக்கிறது. பாறையில் வெட்டிய குழிகளில் காலை ஊன்றித்தான் போகவேண்டும். உள்ளே வழவழவென்று தேய்த்த 17 கல்படுக்கைகள். சமணத் துறவிகள் படுத்த இடம். கல்லுடைக்கிற வீட்டில் பிறந்தவன் என்பதால் என் கண் அந்தப் படுக்கைகளில்தான் போய் நிற்கிறது.

அதில் ஒரு படுக்கையில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. கி.மு. 2-1ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பார்கள். சேதி ரொம்பச் சின்னது. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்குச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை இது. அவ்வளவுதான். எருமி நாடு என்பது மைசூர்ப் பக்கம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். எங்கேயோ பிறந்த ஒருத்தர், சொந்த பந்தம் இல்லாத சீமைக்கு வருகிறார். இந்தப் பக்கத்து ஆள் ஒருவர் அவருக்கு உட்கார இடம் பண்ணிக் கொடுக்கிறார். வந்தவர் பேரும் இருக்கிறது, கொடுத்தவர் பேரும் இருக்கிறது. ராஜா பேர் இல்லை.

எழுதுகிறவர்கள் கூடிச் சேர்வது பற்றி, ஒருத்தரை ஒருத்தர் தாங்குவது பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தக் கல் ஞாபகம் வரும். ஆதரவு என்றால் முதுகில் தட்டிக் கொடுப்பது இல்லை. உட்கார ஒரு இடம், குடிக்கத் தண்ணி, நாலு பேர் காது, அச்சுக்கூலிக்குக் காசு. இது இல்லாமல் எவனும் எழுதியதில்லை. மேல்சாதிக்காரனுக்கு இதெல்லாம் பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது; அதனால் அவன் வரலாற்றில் அதைக் கணக்கில் எழுதுவதில்லை. நமக்கு ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கூலிக்காசில் இருந்து வந்தது. அதனால் நாம் கணக்கு எழுதியே ஆகவேண்டும்.

கல்வெட்டும் முழுக்கணக்கு சொல்லிவிடவில்லை. இருக்கை செய்து கொடுத்த இளையர் கையில் உளி பிடித்தாரா? கல்லைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியது யாரு? அடிவாரத்திலிருந்து தண்ணி சுமந்தது யாரு? அந்தப் பேர்கள் இல்லை. கீழே அறிவர் கோயிலிலும் இதே கதைதான். 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுக்கினான், முகமண்டபம் எடுத்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. அந்தத் தாமரைக்குளத்தைத் தீட்டியவன் பேர் தெரியவில்லை. கொடுத்தவன் பேராவது நின்றது, வேலை செய்தவன் பேர் நிற்கவில்லை.

இந்த ஊரில் இருந்து நான் கோலாருக்குப் போகிறேன். காரணம் இருக்கிறது. சமணமும் பௌத்தமும் வேதத்துக்கு எதிராக நின்ற மரபுகள். அந்த மரபில் நம் சனத்தின் பழைய வரலாறு இருக்கிறது என்று தேடியவர் அயோத்திதாசப் பண்டிதர். அவர் எழுதியதைத் தாங்கி நின்றதில் பெரிய பங்கு கோலார் தங்கவயல் தொழிலாளர்களுடையது.

பண்டிதருக்கு முன்பே இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். எந்தப் பேரைச் சொல்லி வைதார்களோ அந்தப் பேரையே தலைப்பில் போட்டார். விலை இரண்டணா. சென்னையில் இரண்டே நாளில் 400 பிரதி விற்றது என்று தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார். யார் வாங்கினார்கள்? எழுதப் படிக்கத் தெரிந்த பட்லர்கள், பட்டாளத்தார், சின்ன உத்தியோகஸ்தர்கள், அவர்கள் வாசிக்கக் கேட்ட சேரிச்சனம். பத்திரிகை 1900 வரை ஓடியது.

1907 ஜூன் 19ஆம் தேதி சென்னை இராயப்பேட்டையில் இருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. நாலு பக்க வாரப்பத்திரிகை, விலை ஒரு பைசா. மறு வருஷம் பேர் 'தமிழன்' என்று ஆனது. பண்டிதர் சித்த வைத்தியர். நாடி பிடித்துக்கொண்டே வரலாறும் எழுதினார். 1914 மே 5ஆம் தேதி அவர் சாகும்வரை பத்திரிகை வந்தது. கிட்டத்தட்ட ஏழு வருஷம். ஜமீன்தார் பணத்தில் இல்லை, மடத்துப் பணத்தில் இல்லை. அப்புறம் எப்படி? கோலார், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று கூலிக்கும் பட்டாளத்துக்கும் பிழைக்கப் போன நம் ஆட்கள் வாசகர்களாக இருந்தார்கள். கேள்வி எழுதி அனுப்பினார்கள், பண்டிதர் பதில் எழுதினார். அந்தக் கேள்விகள் இல்லாவிட்டால் அவர் எழுத்தில் ஒரு பகுதியே இருந்திருக்காது. வாசகன் அங்கே வெறும் வாசகன் இல்லை, எழுத்தில் பாதிப் பங்காளி.

தங்கவயலில் மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் என்று லைன் வீடுகள். வட ஆற்காட்டுப் பக்கம் இருந்து போன சனம் பூமிக்குள்ளே இறங்கி வேலை செய்தது. மேலே வந்து பௌத்த சங்கம் வைத்தது, புத்தகம் போட்டது. 'தமிழ் மாது' என்று பத்திரிகை நடத்திய ஸ்வப்பனேஸ்வரி அம்மாளும் அங்கேதான் இருந்தார். பண்டிதர் போனபிறகு நின்றுபோன 'தமிழ'னை 1926இல் ஜி. அப்பாதுரையார் அங்கிருந்துதான் திரும்ப எழுப்பினார். சித்தார்த்த புத்தகசாலை அங்கிருந்துதான் பண்டிதர் நூல்களை மறுபடி அச்சில் கொண்டுவந்தது. சுரங்கத்தில் தோண்டிய தங்கம் சீமைக்குப் போனது. கூலியில் மிச்சம் பிடித்த சில்லறை தமிழுக்கு வந்தது. எந்தப் பல்கலைக்கழகமும் அதற்கு இதுவரை நன்றிச்சீட்டு கொடுக்கவில்லை.

பிறகு என்ன ஆனது? மறதி. பண்டிதர் பேர் பல பத்தாண்டுகள் தமிழ் இலக்கிய வரலாற்றுப் புத்தகங்களில் கிடையாது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளை வெளியிட்ட பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. இடையில் அந்தப் பழைய தாள்கள் எப்படிப் பிழைத்தன? அரசாங்க நூலகம் முழுசாகக் காப்பாற்றித் தரவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தேடித்தேடிச் சேர்த்தார்கள். நம் வீட்டு டிரங்குப் பெட்டிகள் காப்பாற்றின. செல்லரிக்காமல் வேப்பிலை போட்டு வைத்த கிழவிக்கு எந்த முன்னுரையிலும் பேர் இல்லை. அவளும் ஏழடிப்பட்டத்தில் கல் தேய்த்தவளும் ஒரே சாதி என்று நான் சொல்லுவேன்.

1990களுக்கு வருவோம். அம்பேத்கர் நூற்றாண்டு 1991இல் வந்தது. 'நிறப்பிரிகை', 'கோடாங்கி', 'தலித் முரசு' என்று பத்திரிகைகள் வந்தன. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை தியாபிலஸ் அப்பாவு பறையையும் நாட்டுப்பாட்டையும் உள்ளே கொண்டுவந்தார். கே.ஏ. குணசேகரன் தன்னானே குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. பெரிய பதிப்பகம் எதுவும் அதைப் போடவில்லை. மதுரை ஐடியாஸ் மையம் போட்டது. மடத்தை விட்டு வெளியே வந்து நின்ற பாமாவிடம், மனசில் கிடப்பதை எழுது என்று சொன்னவர் மாற்கு. இதைப் பாமாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு வாக்கியம், ஒரு அச்சகம், அவ்வளவுதான் முதல். அந்தப் புத்தகம்தான் ஆங்கிலத்தில் போய் 2000இல் கிராஸ்வேர்ட் பரிசு வாங்கியது.

அதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது. புத்தகம் வந்ததும் அவர் ஊர்ச்சனமே கோபித்துக்கொண்டது. எங்க மானத்த வாங்கிட்டியே என்றது. சில மாதம் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு இளவட்டங்கள் வாசித்து எடுத்துச் சொல்லி, ஊர் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. எழுதச் சொல்லுவது ஆதரவில் பாதிதான். எழுதியபிறகு கூட நிற்பது மீதிப்பாதி. சொந்தச் சனத்துக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கிறபோது நிறையப் பேர் இதில்தான் ஒடிந்து போகிறார்கள்.

எங்கள் மாவட்டத்துக்கே திரும்புகிறேன். 1991-92இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. பாட்டும் வீதி நாடகமுமாக ஊர் ஊராகப் போனார்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதை சாய்நாத் எழுதி உலகமே படித்தது. கல்குவாரியில் ஜல்லி உடைத்த பெண்கள் அதில் முன்வரிசை. உளி பிடித்த கை பேனா பிடித்தது. 2,000 வருஷமாக இந்தப் பாறைகளில் பேர் இல்லாமல் வேலை செய்த கை முதல்தடவையாகத் தன் பேரை எழுதியது. இதைவிடப் பெரிய இலக்கிய நிகழ்ச்சி இந்தச் சீமையில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எழுத்து மட்டும் வந்தால் சாதி போய்விடாது. 2022 டிசம்பரில் இதே மாவட்டம் முத்துக்காடு ஊராட்சி வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. காவுடிக்குக் கல்லில் இருக்கை போட்ட சீமையில்தான் இது. அந்தச் சனத்துக்கு என்ன நடந்தது என்பதை அந்தச் சனமே எழுதவேண்டும். அதற்குப் பேனா போதாது. உட்கார இடம் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் எழுதுகிறவர்கள் நாலைந்து பேர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். கொத்து வேலைக்குப் போகிறவர் உண்டு, வாத்தியார் உண்டு, நூறுநாள் வேலைக்குப் போன அக்கா ஒருத்தர் உண்டு. அக்கா சொல்லுவார், நாங்கள் எழுதிக்கொள்வோம். பஸ் காசு இல்லாதவருக்கு இருக்கிறவர் போடுகிறார். ஒருத்தர் வாசித்தால் மற்றவர்கள் நல்லாருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. எந்த இடம் பொய்யாப் படுதுன்னு சொல்லணும். ஊரில் பிரச்சினை வந்தால் எல்லோரும் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்காரணும். இதுதான் எங்கள் சட்டதிட்டம்.

இன்னும் ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்று போன கூட்டத்தில் கேட்டேன். இனி நாங்கள் போடுகிற ஒவ்வொரு சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் காசு கொடுத்தவர், டைப் அடித்தவர், சோறு பொங்கிப் போட்டவர், கதை சொன்னவர் பேர் எல்லாம் வரவேண்டும். பேர் நிறைய வருமே, பக்கம் பத்தாதே என்றார் ஒருத்தர். பத்தலேன்னா இன்னொரு பக்கம் போடுவோம் என்றார் அக்கா.