தண்டித்த நீதிபதி

நாம் குடியேறி வாழும் இந்த ஆமதாபாத் நகரின் ஷாஹிபாக் பகுதியில், 1922 மார்ச்சு 18-ஆம் நாள் காந்தியடிகள் மீது இராஜத் துரோக வழக்கு விசாரிக்கப்பெற்றது. ‘யங் இந்தியா’ இதழில் அவர் எழுதிய 3 கட்டுரைகளே குற்றம். நீதிபதி, ஐ.சி.எஸ். அதிகாரியான புரூம்ஃபீல்டு துரை. அடிகள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, உச்ச தண்டனையே தருமாறு கேட்டார். துரையோ 1908-இல் திலகருக்கு விதிக்கப்பெற்ற தண்டனையைச் சான்றாகக் காட்டி, 6 ஆண்டு வெறுங்காவல் விதித்தார். அரசு அதனைக் குறைக்குமாயின் தம்மினும் மகிழ்வார் இரார் என்றும் மொழிந்தார். 1924 பிப்ரவரியில் அடிகள் விடுதலை பெற்றார்.

துரையின் வரலாறு அத்துடன் முடிந்ததோ? இல்லை. 1928-இல் பர்தோலி உழவர்கள் வல்லபபாய் படேல் தலைமையில் நிலவரி கொடா இயக்கம் நடத்தினர். வரியை 22 விழுக்காடு உயர்த்தியது முறையா என ஆராய அரசு அமைத்த இருவர் குழுவில் இவரும் ஒருவர். ஊர்களுக்கே சென்று உழவர் கூற்றைக் கேட்ட அக்குழு, சுமார் 6 விழுக்காடே தகும் என்றது.

அன்பர்களே! முன்னதில் சட்டம் அவர் கையைக் கட்டியது. பின்னதில் உண்மையைத் தேட வழியிருந்தது, தேடினார். அவர் அந்நிய ஆட்சியின் கருவியே என்பதை நாம் மறக்க வேண்டா. ஆயினும் இவ்விரண்டையும் சேர்த்தே நம் மக்களுக்குச் சொல்வோமாக.