அழைப்போரின் உரிமை: தலாய் லாமாவின் வருகையும் பதில் சொல்லாத அரசும்

1. ஆய்வு வினா

2022 டிசம்பர் இறுதியில் புத்தகயாவில் தங்கியிருந்த 14ஆவது தலாய் லாமாவை இலங்கையின் மூத்த பிக்குகள் குழுவொன்று சந்தித்துத் தம் நாட்டுக்கு வருமாறு அழைத்தது. அடுத்த மாதமே கொழும்பிலிருந்த சீனப் பதில் தூதுவர் ஹூ வெய் கண்டிக்குப் போய் மல்வத்துப் பீட மகாநாயக்க தேரரைச் சந்தித்தார். தலாய் லாமா வெறும் துறவியல்லர், அரசியல் நோக்குடையவர், அவரை இலங்கை வரவேற்கக் கூடாது என்பது அவர் அங்கே தெரிவித்ததன் சாரம். அழைத்தவர்களின் குரலும் கேட்டது, எதிர்த்தவரின் குரலும் கேட்டது. முடிவெடுக்க வேண்டிய அரசின் குரல்தான் மிகத் தாழ்ந்து ஒலித்தது. அந்த அழைப்பு பயணமாக மாறவில்லை.

வெளிநாட்டுச் சமயத் தலைவர் ஒருவரை நாட்டுக்குள் அனுமதிக்கும்படி சிவில் சமூகம் அரசை நெருக்கும்போது அது எதைக் கோர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினா. வழக்கமாக வருபவரின் பெருமை பேசப்படுகிறது: அவர் நோபல் பரிசாளர், அகிம்சையாளர், முதியவர். இந்த வாதம் உணர்ச்சியில் வென்று நடைமுறையில் தோற்கிறது. அழைக்கும் குடிமக்களுக்குக் குறித்த காலத்துக்குள் காரணத்தோடு கூடிய பதில் கிடைத்தாக வேண்டும் என்ற கோரிக்கையே நிலைத்த பலன் தரும் என்பது என் துணிபு. அதைத் தென்னாபிரிக்க அனுபவத்தைக் கொண்டு நிறுவி, மட்டக்களப்பின் படுவான்கரையிலுள்ள கரடியனாற்றின் பக்கமிருந்து அதற்கு என்ன பொருள் என்று பார்க்கிறேன்.

2. தென்னாபிரிக்கா: தோற்ற அழைப்பும் வென்ற வழக்கும்

நிறவெறி ஆட்சி முடிந்தபின் தலாய் லாமா 1996, 1999, 2004 ஆகிய ஆண்டுகளில் தென்னாபிரிக்காவுக்குச் சென்றிருக்கிறார். அவரை அந்நாடு ஏற்றதற்கு முன்னுதாரணம் இருந்தது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். 2009 மார்ச்சில், உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தை ஒட்டி ஜொகன்னஸ்பேர்க்கில் நடக்கவிருந்த சமாதான மாநாட்டுக்கு அவருக்கு விசா கிடைக்கவில்லை. பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவும் முன்னாள் ஜனாதிபதி டி கிளார்க்கும் மாநாட்டிலிருந்து விலகினார்கள். மாநாடே ஒத்திவைக்கப்பட்டது. அன்றைய சுகாதார அமைச்சர் பார்பரா ஹோகன் தம் அரசின் முடிவைப் பகிரங்கமாகக் கண்டித்தார்.

2011இல் அரசு கையாண்ட முறை மாறியது. அவ்வாண்டு ஒக்டோபர் 7ஆம் திகதி வந்த டூட்டுவின் 80ஆவது பிறந்தநாளுக்குத் தலாய் லாமா அழைக்கப்பட்டிருந்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்படவில்லை, ஏற்கப்படவுமில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே பதிலோடு நாட்கள் நகர்ந்தன. இதற்கிடையில் துணை ஜனாதிபதி மொட்லாந்தே சீனாவுக்குப் போய் வந்தார். ஒக்டோபர் 4ஆம் திகதி தலாய் லாமாவின் அலுவலகமே பயணத்தைக் கைவிட்டது. அரசு எதையும் மறுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள இது இடம் கொடுத்தது. டூட்டுவின் சீற்றமும், தொழிற்சங்கக் கூட்டமைப்பான கொசாட்டுவின் கண்டனமும் செய்திகளை நிரப்பினாலும் விசா விண்ணப்பக் கோவை அசையவில்லை.

கோவையை அசைத்தது வழக்குத்தான். இன்கதா சுதந்திரக் கட்சியின் மங்கொசுத்து புத்தலேசியும் மக்கள் காங்கிரஸின் மொசியூவா லெக்கொட்டாவும் நீதிமன்றம் சென்றனர். கேப் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. ஆனால் 2012 நவம்பரில் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம், உள்துறை அமைச்சர் முடிவெடுக்க நியாயமற்ற தாமதம் செய்தார், அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. முடிவெடுப்பதைத் தவிர்க்கவே வேண்டுமென்று இழுத்தடிக்கப்பட்டது என்ற அனுமானத்துக்குச் சான்றுகள் இடமளிப்பதாகவும் அது கண்டது.

இத்தீர்ப்பு தலாய் லாமாவை அனுமதித்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. வெளியுறவுக் கொள்கை நிறைவேற்று அதிகாரத்தின் பரப்பு என்பதை நீதிமன்றம் தொடவில்லை. அது தொட்டது ஒன்றைத்தான்: பதில் சொல்லாமல் இருப்பது அரசுக்குள்ள தெரிவுகளில் ஒன்றல்ல. 2014இல் கேப் டவுனில் நடக்கவிருந்த நோபல் சமாதானப் பரிசாளர் உச்சிமாநாட்டுக்கும் அவரால் வர இயலவில்லை. சக பரிசாளர்கள் பின்வாங்க, மாநாடு ரோமுக்குப் போனது. ஆக, வழக்கு வென்ற பின்னும் விருந்தினர் வரவில்லை. எனினும், தாமதத்தின் போர்வையில் இனி ஒளிய முடியாது என்ற சட்டநிலை அந்நாட்டின் ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் உரிய சொத்தாகிவிட்டது.

3. சிறிய நாடுகளின் கணக்கு

இதற்கு எதிரான வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. 2016 நவம்பரில் மொங்கோலியா தலாய் லாமாவை அனுமதித்தது. அழைத்தது அந்நாட்டின் தலைமை மடமான கந்தன் விகாரை. உடனே சீன எல்லையில் சரக்குகளுக்குப் புதிய கட்டணங்கள் விழுந்தன, கடன் பேச்சுவார்த்தை தள்ளிப்போனது. டிசம்பரில், தற்போதைய அரசின் காலத்தில் அவர் மீண்டும் அழைக்கப்படமாட்டார் என்று மொங்கோலிய வெளிவிவகார அமைச்சர் அறிவிக்க நேர்ந்தது. கடன்பட்ட நாட்டுக்குத் துறவி ஒருவரின் வருகைக்கும் விலை உண்டு.

இலங்கையின் கணக்கு இதைவிடச் சிக்கலானது. 1950இல் மக்கள் சீனத்தை அங்கீகரித்ததும், 1952இன் இறப்பர்–அரிசி ஒப்பந்தமும் பழைய உறவின் சான்றுகள். போர்க்காலத்திலும் அதன் பின் ஜெனீவா மனித உரிமைப் பேரவையிலும் சீனாவிடமிருந்து கிடைத்த ஆதரவு, 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன அம்பாந்தோட்டைத் துறைமுகம், 2022 ஏப்ரலில் கடன் மீளச் செலுத்துவதை நிறுத்திய பின் வந்த மறுசீரமைப்புப் பேச்சு ஆகியவை புதிய கட்டுகள். கொழும்பு அஞ்சுவதற்குக் காரணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அஞ்சுவதற்குக் காரணம் இருப்பதும், அந்தக் காரணத்தைக் குடிமக்களிடம் சொல்லாமல் விடுவதும் வேறு வேறு. மொங்கோலிய அமைச்சர் தம் மக்கள் முன் வாய்விட்டுச் சொன்னார். அதைக் கேட்டவர்களால் குறைந்தது எதை எதற்காக இழந்தோம் என்று எடைபோட முடிந்தது. தாய்வானில் 2009 ஓகஸ்டில் மொரகொட் சூறாவளி தென்பகுதியைச் சிதைத்தபோது, எதிர்க்கட்சியைச் சேர்ந்த உள்ளூர்த் தலைவர்கள் இறந்தவர்களுக்காகப் பிரார்த்திக்கத் தலாய் லாமாவை அழைத்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான், இப்போது காலம் பொருத்தமல்ல என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்த ஜனாதிபதி மா யிங்-ஜியூ இம்முறை இணங்கினார். சொல்லப்பட்ட காரணத்தோடு வாதாடலாம், சூழல் மாறும்போது அதைத் திருத்தவும் வைக்கலாம். சொல்லப்படாத காரணத்தோடு வாதாட வழியில்லை.

4. இலங்கை: ஒன்பதாம் உறுப்புரையின் இரு முகங்கள்

இலங்கைக்கும் இமயத்துக்கும் இடையிலான சமய வழி புதிதன்று. சிக்கிமில் பிறந்து சிறுவனாக இங்கு வந்த எஸ். மகிந்த தேரர், திபெத்தியர் என்ற அடையாளத்தோடே சிங்கள விடுதலைக் கவிஞராகப் போற்றப்பட்டு 1951இல் மறைந்தார். அந்த நாட்டிலேதான், பௌத்தத்துக்கு முதன்மை இடமளித்து அதைப் பேணிக் காப்பது அரசின் கடமை என்று விதிக்கும் அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை, பௌத்தத் துறவியொருவரின் விசா விடயத்தில் எந்த வலுவும் காட்டவில்லை.

அதே உறுப்புரையின் நிழல் கிழக்கில் எப்படி விழுகிறது என்று பார்த்தால் முரண் கூர்மையாகும். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமை முகாமைத்துவத்துக்கென ஜனாதிபதி செயலணியொன்று பாதுகாப்புச் செயலாளரின் தலைமையில் அமைந்தது. பிக்குகள் இடம்பெற்ற அதில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிம்களோ ஒருவர்கூட இல்லை. படுவான்கரையின் குன்றுகளுக்கும் வயல்மேடுகளுக்கும் முன்னால் ஓங்கி நிற்கும் பௌத்த முதன்மை, ஒரு தூதரகத்தின் முன்னால் குரல் தாழ்த்துகிறது. அது ஒரு சமயத்தைக் காக்கும் கடமையாக இயங்கவில்லை, உள்நாட்டில் பலவீனமானவர்மீது செல்லுபடியாகும் அதிகாரமாகவே இயங்குகிறது என்று முடிவுகட்ட இந்த ஒப்பீடு போதும்.

ஆகவே சிவில் சமூகம் 9ஆம் உறுப்புரையில் சாய்வது வீண். உண்மையான பிடி 10ஆம் உறுப்புரையிலும் 14(1)(உ) உறுப்புரையிலும் இருக்கிறது. முன்னது எல்லோருக்குமான மனச்சாட்சிச் சுதந்திரம். பின்னது தனித்தோ பிறரோடு சேர்ந்தோ வழிபாடு, அனுட்டானம், போதனை ஆகியவற்றால் தன் சமயத்தை வெளிப்படுத்தக் குடிமக்களுக்குள்ள உரிமை. ஆசிரியரிடம் நேரில் கேட்பது போதனையின் ஒரு பாதி. வெளிநாட்டவருக்கு உள்ளே வரும் உரிமை இல்லாதிருக்கலாம். கேட்க விரும்பும் குடிமகனின் உரிமை அதனால் இல்லாமல் போகாது.

5. கரடியனாற்றிலிருந்து பார்க்கையில்

செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மேற்கே போகும்போது வரும் கரடியனாறு, பெரும்பாலும் தமிழர் வாழும் விவசாய, கால்நடைப் பகுதி. பௌத்தத் துறவியின் விசா இவர்களுக்கு எதற்கு என்ற கேள்வி நியாயமானது.

2010 செப்டெம்பர் 17, வெள்ளிக்கிழமை. வீதி அபிவிருத்திப் பணியில் ஈடுபட்ட சீன நிறுவனமொன்றின் வெடிமருந்து, கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் கொள்கலன்களில் வைக்கப்பட்டிருந்தது. நண்பகலை அண்டி அது வெடித்தது. நிலையக் கட்டடம் தரைமட்டமானது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பொலிஸாரும் பொதுமக்களும் சீன நாட்டவர் இருவரும் அவர்களுள் அடங்குவர். வேலை செய்ய வந்து உயிர்விட்ட அந்த இருவர்மீது பழி எதுவுமில்லை. வெடிமருந்தை மக்கள் வந்துபோகும் இடத்தில் வைக்கும் முடிவில் அயலில் வாழ்ந்தவர்களுக்கு எந்த இடமும் இருக்கவில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. எதை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்ற இரண்டையும் பாதிக்கப்படுவோருக்குக் கணக்குச் சொல்லாமலே தீர்மானிக்கும் நிர்வாகப் பழக்கம் ஒன்றேதான்.

அதே பழக்கம் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையிலும் தெரிகிறது. 2023 ஓகஸ்டில், பண்ணையாளரின் மேய்ச்சல் நிலம் பறிபோகும் நிலைமையைப் பார்க்க அங்கு போன சர்வமதத் தலைவர்களையும் ஊடகவியலாளர்களையும் அத்துமீறிக் குடியேறியவர்கள் மணிக்கணக்கில் தடுத்துவைத்தனர். செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினர். மாடு மேய்ப்பவர் கேட்டதும் அடிப்படையில் ஒரு பதிலைத்தான்: நிலம் யாருடையது, முடிவு எப்போது வரும்?

வருகை தந்த சமயத்தவரால் உருப்பெற்ற மாவட்டம் இது என்பதும் மறக்கத்தக்கதல்ல. 1814இல் வந்திறங்கிய மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் பாடசாலை தொடங்கினார். இராமகிருஷ்ண மிஷனின் வருகையே சுவாமி விபுலானந்தரின் கல்விப் பணிக்கு நிறுவன வடிவம் தந்தது. வெளியிலிருந்து வருபவருக்குக் கதவு மூடப்படும்போது இழப்பது யார் என்பதை வாவியின் இரு கரையும் அறியும்.

6. பாதுகாப்பு என்ற மறுப்பு

வெறுப்புப் போதகரும் இதே வாயிலால் நுழைவாரே என்று கேட்கலாம். 2019 ஏப்ரல் 21 அன்று சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலில் பிள்ளைகளையும் பெற்றோரையும் இழந்த மட்டக்களப்பில் இக்கேள்வியை இலேசாக எடுக்க முடியாது. ஆனால் அத்தாக்குதலுக்குப் பின் அரசு செய்ததே என் வாதத்துக்குச் சான்று. 2019 மேயில் சுமார் 200 மதபோதகர் உட்பட ஏறத்தாழ 600 வெளிநாட்டவர் வெளியேற்றப்பட்டதாகவும், விசாக் காலம் கடந்து தங்கியதே காரணமென்றும் அமைச்சர் பகிரங்கமாகச் சொன்னார். அம்முடிவு முழுக்க நியாயமானதா என்று விவாதிக்கலாம், ஏனெனில் காரணம் முன்னால் இருக்கிறது. காரணம் கேட்கும் விதி ஆபத்தானவரை உள்ளே கொண்டுவராது. அவரை மறுக்கும் அரசின் கையைத்தான் அது வலுப்படுத்தும்.

1995 ஜனவரியில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வந்தபோது, பௌத்தம் பற்றிய அவரது எழுத்தில் மனம் நொந்த பிக்குகள் சர்வமதச் சந்திப்பைப் புறக்கணித்தனர். வருகை நடந்தது, எதிர்ப்பும் நடந்தது. இரண்டுக்கும் இடமளித்ததால் நாடு குலைந்துவிடவில்லை.

7. நடைமுறைக்கு

கோரிக்கையின் வடிவம் இதிலிருந்து தெளிவாகிறது. அழைக்கும் சங்கம் அழைப்பையும் விண்ணப்பத்தையும் எழுத்தில் கொடுத்து, முடிவு வேண்டிய திகதியையும் குறிப்பிட வேண்டும். அடிப்படை உரிமை மனுவை 126ஆம் உறுப்புரையின்படி மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டியிருப்பதால், மௌனம் எந்த நாளில் மீறலாகிறது என்பதைக் காட்ட அத்திகதி உதவும். முடிவெடுக்குமாறு மட்டும் பணிக்கக் கோரி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் மனுவும் செய்யலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம், தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் கோரிக்கையைத் தீர்மானிக்க வேண்டும் என்கிறது. வெளிநாட்டு உறவுக்குப் பாரதூரமான பாதிப்பு என்ற விலக்கு அதில் உண்டு, பொதுநலன் மேலோங்கினால் விலக்கு எடுபடாது என்ற விதியும் உண்டு. விலக்கைக் காட்டினால்கூட, சீனாவின் மனத்தாங்கலே காரணம் என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இப்படிக் கேட்பதில் தென்னிலங்கைப் பிக்கு சங்கமும் படுவான்கரைப் பண்ணையாளர் சங்கமும் ஒரே சட்டத் தரையில் நிற்கின்றன. இரு தரப்பும் இதுவரை சேர்ந்து நின்றதில்லை, 9ஆம் உறுப்புரையைப் பற்றிய அவர்களின் கருத்து ஒன்றாகப் போவதுமில்லை. அந்த உடன்பாடு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விசா கேட்ட பிக்குவுக்குப் பதில் தரக் கடமைப்பட்ட நிர்வாகம் மேய்ச்சல் தரை கேட்ட பண்ணையாளருக்கும் அதே கடமையை மறுக்க முடியாது. தலாய் லாமா இந்நாட்டுக்கு வருவாரா என்பது பீஜிங்கின் மனநிலையையும் கொழும்பின் கடனையும் பொறுத்தது. அதற்கு அரசு விடை சொல்லியாக வேண்டும் என்பது இந்நாட்டுக் குடிமக்களைப் பொறுத்தது.