சிற்ப முன்வரைவு

புராணக் காட்சியொன்றைப் புடைப்புச் சிற்பமாக வடிக்குமுன் சிற்பி போட்டுக்கொள்ளும் கோட்டுருவம். தமிழகக் கற்சிற்ப மரபில் இதற்கு இடம் பெரும்பாலும் அந்தக் கல்லேதான். காவியால் வரைவார்கள்; உளி படப்படக் கோடு அழியும்; மறுபடி வரைவார்கள். வேலை முடியும்போது வரைவு இருக்காது. அதனால் இதன் வரலாற்றை முடிந்த சிற்பங்களைவிடப் பாதியில் நின்றவையே நன்றாகச் சொல்கின்றன.

மாமல்லபுரத்தில் புகழ்பெற்ற அர்ச்சுனன் தபசுப் புடைப்புச் சிற்பத்தோடு, முடிவுறாத இன்னொன்றும் உண்டு. அங்குள்ள பிடாரி ரதங்களில், பாறையைக் கட்டங்களாகப் பிரித்துக் கல்லை அகற்றிய தடம் தெரிகிறது. மத்தியப் பிரதேசத்துப் போஜ்பூரில், நின்றுபோன 11ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயிலைச் சுற்றிய பாறைகளில் கீறல் வரைபடங்களே எஞ்சியுள்ளன. ஆனால் அவை கட்டட வரைவுகள்.

வரைவின் இலக்கணம் தாளமானம் என்னும் அளவுமுறை. திருமால், சிவன் போன்ற முதன்மைத் தெய்வங்களுக்கு உத்தம தசதாளம்: உருவத்தின் உயரத்தை 124 பங்காக்கினால் ஒரு பங்கு தேகாங்குலம். அளவுகோல் உருவத்திலிருந்தே பிறப்பதால், சாண் உயரச் சிலைக்கும் ஆளுயரச் சிலைக்கும் கணக்கு ஒன்றே. நடுவில் இறங்கும் செங்குத்துக் கோடு பிரம்மசூத்திரம். சுவாமிமலை உலோகச் சிற்பிகள் இதே பங்கீட்டை ஒடியோலை என்னும் தென்னங்கீற்றை மடித்துக் குறிக்கிறார்கள்.

இலக்கணம் கடுமையாகச் சோதிக்கப்படும் இடம் வேடசந்தூருக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே, தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில். விஜயநகர, நாயக்கர் காலப் பாணியில் அமைந்த அதன் மண்டபத் தூண்களில் இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர், உலகளந்த பெருமாள், ஊர்த்துவ தாண்டவர் எனப் பேருருவங்கள் நிற்கின்றன. அசையாமல் நிற்கும் மூர்த்திக்குப் பிரம்மசூத்திரம் எளிது. காலைத் தூக்கிய உலகளந்தானுக்கோ எடை முழுவதும் ஊன்றிய காலில் இறங்க வேண்டும். மேலும் இவை தூணோடு ஒட்டியிருந்தாலும் ஏறக்குறைய முழுச் சிற்பங்கள். முன்முகத்தில் மட்டும் வரைந்தால் போதாது, பக்கவாட்டிலும் கோடு பொருந்த வேண்டும். பாதாமி 3ஆம் குகையின் (கி.பி. 578) திரிவிக்கிரமர், அதாவது உலகளந்தான், சுவர்ப்புடைப்பு என்பதால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு.

1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி தொடங்கியபின் காகித வரைவு பாடமானது. அதன் முதல்வராக இருந்த வை. கணபதி ஸ்தபதி வடிவமைத்து, 2000இல் திறக்கப்பட்ட கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி. கற்களை அடுக்கிக் கட்டியது அது. அத்தகைய வேலைக்கு ஒரே கல்லில் காவிக்கோடு இழுத்துத் தொடங்க வழியில்லை, ஒவ்வோர் அடுக்குக்கும் தனி வரைபடம் வேண்டும்.